காற்றுக் கழிவு

கலந்தர்: இருபத்து நாலு ஓவர், இருபத்தோரு விக்கெட்.
ரெமிஜியுஸ்: இருபத்து நாலு ஓவர், பதினாறு.
கமிட்டிக்கு இதற்குமேல் கணக்கு வேண்டாம்.
"பூமயிலு, பேரைச் சொல்லு,
ஃபேனைக் குடுத்துட்டுக் கெளம்புவோம்."
சிறந்த பந்துவீச்சாளருக்கு ஒரு ஸ்டாண்ட் ஃபேன்.
மூன்று இறக்கையும் அட்டைப்பெட்டிக்குள்
அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

நான் ஐஸ் கம்பெனியில் எடை எழுதுகிறவள்.
நூறு கிலோ நகரை என்று வண்டி வந்து நின்றால்
நூறு என்று எழுதமாட்டேன்.
தண்ணிக்கு இவ்வளவு, ஐஸுக்கு இவ்வளவு,
கூடைக்கு இவ்வளவு.
கழித்ததுபோக மிஞ்சுவதுதான் மீன்.

தடைக்காலம்.
படகுகள் கரையேறிச் சாய்ந்து கிடக்க
பெரியபட்டினம் கடற்கரையில் நாற்பது நாள் ஆட்டம்.
மைதானத்துக்குக் கடல் முனை ஒன்று, பனை முனை ஒன்று.
கச்சான் விழுந்துவிட்டால்
கடல் முனையிலிருந்து ஓடிவருகிறவன்
முதுகில் ஒரு கை இருக்கும்.
பனை முனையிலிருந்து வருகிறவன்
நெஞ்சில் அதே கை.
டென்னிஸ் பந்து என்ன எடை வந்துவிடும்?
ரெண்டு சாளை மீன் தேறாது.
போடுகிறவன் பேச்சைவிடக் காற்றின் பேச்சைத்தான் கேட்கும்.

ஒரே டீம்தான் இருவரும்.
கேப்டன் கலந்தருக்கு மச்சான்,
அவன் முனையைக் கேட்டு வாங்குவான்.
ரெமிஜியுஸ் பாம்பனிலிருந்து பஸ் மாறி வருகிறவன்,
கொடுத்த முனையில் போடுவான்.

நோட்டைப் புரட்டி முதலிலிருந்து கூட்டினேன்.
கலந்தர், கடல் முனை: இருபது ஓவர், இருபது விக்கெட்.
ரெமிஜியுஸ், கடல் முனை: ஆறு ஓவர், ஆறு.
ஓவருக்கு ஒன்று. ரெண்டு பேருக்கும் ஒரே விலை.
பனை முனைக்குப் போனால்தான் தராசு ஆடுகிறது.
ரெமிஜியுஸ் அங்கே பதினெட்டு ஓவர்,
கண்ணில் மணலை வாங்கிக்கொண்டு பத்து விக்கெட்.
கலந்தர் நாலே ஓவர். விக்கெட் ஒன்று.
ரன் நாற்பத்து நாலு.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.
அப்புறம் எனக்கே பயம்.
நாலு ஓவரை வைத்து ஒரு ஆளை எடை போடலாமா?
ஒரு கூடையைக் குனிந்து பார்த்துவிட்டு
வலை முழுவதையும் ஏலம் கூறலாமா?
அந்த நாலில் ரெண்டு கேட்ச் என் தம்பி விட்டான்.
ஒன்று, பிடித்த பந்து. சிரித்துக்கொண்டே விட்டான்.
நோட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.
தப்பியவன் அடித்த சிக்ஸர்
கலந்தர் கணக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது,
என் கையெழுத்தில்.

"காத்துக்குக் கழிக்கணும்" என்றேன்.
"எத்தனை சதவீதம்?" என்றார் செய்யாது மரைக்காயர்.
தெரியவில்லை என்றேன்.
கமிட்டி சிரித்தது.
"காத்தையும் நீயே நிறுத்துட்டு வா."
ஃபேன் கலந்தர் வீட்டுக்குப் போனது.
ரெமிஜியுஸ் கை தட்டினான், சத்தமாகவே.
கடைசி பஸ் ஏழே காலுக்கு.

அன்று ராத்திரி கலந்தர் ஐஸ் கம்பெனி வாசலில் வந்து நின்றான்.
"அந்த நாலு ஓவர் பக்கத்தைக் காட்டு."
காட்டினேன்.
பாக்கெட்டிலிருந்த பேனாவைத் தொட்டான், எடுக்கவில்லை.
ஒவ்வொரு பந்தாக விரல் வைத்துப் படித்தான்.
ஒன்றும் சொல்லாமல் போனான்.

விடியுமுன் ஐஸ் உடைக்கப் போகிறேன்.
யாருமில்லாத மைதானம். ஒரே ஒரு ஸ்டம்பு.
பனை முனையிலிருந்து, சட்டை பின்னால் பறக்க,
அவன் ஓடிவருகிறான்.
பந்து வழியிலேயே மனசு மாறி அகலமாய்ப் போகிறது.
எடுக்க அவனே நடக்கிறான். மறுபடி.
வேலைக்கு நேரமாச்சு. நின்றேன்.
பதினோராவது பந்தில் ஸ்டம்பு சாய்ந்தது.

நோட்டு வீட்டில் இருந்தது.